பூஜ்ஜியம் புள்ளி ஏழு

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கையின் மகள் பள்ளிக்கூடம் முடித்ததும், அவளுக்கு வேண்டாமற்போன கால்குலேட்டர் எனக்கு வந்து சேர்ந்தது. அது வளைகோடு வரையும், சமன்பாடு தீர்க்கும், அணிகளைப் பெருக்கும். அங்கெல்லாம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இதை வைத்துக்கொண்டுதான் கணக்குப் படிப்பார்களாம். இத்தனையும் தெரிந்த கருவியை மடியில் வைத்துக்கொண்டு நான் எட்டையும் ஏழையும் கூட்டிக்கொண்டிருந்தேன். மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பது என்று சொல்வார்கள். எலி பிடிபட்டால் போதும் என்ற நிலையில்தான் நான் இருந்தேன்.

இத்தனைக்கும் நான் கணக்கு டீச்சர். தென்காசியில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். வீடு மேலகரத்தில். வீட்டுக்காரர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை என்று வந்தால் அது பெரும்பாலும் எண்ணைப் பற்றித்தான். அவருக்கு எல்லாமே சுமார்தான். எட்டுப் பேர் வந்தால் "ஒரு பத்து பேரு" என்பார். ஆறரை மணிக்கு வருவதாகச் சொன்னால் ஏழு என்று வைத்துக்கொள்ள வேண்டும். "சில்லறைய விட்டுத் தள்ளு ஏட்டி, அதுல என்ன இருக்கு?" என்பது அவருடைய தத்துவம். சில்லறையில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என்னுடையது. அவர் வாயிலிருந்து ஓர் எண் வந்து விழுவதற்குள் நான் திருத்திவிடுவேன். விருந்தாளிகள் முன்னாலும் விடமாட்டேன். அப்படி ஒரு திமிர் எனக்கு.

வகுப்பிலும் அந்தத் திமிர்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் வருஷத்துக்கு ஒருத்தியாவது ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் சின்னதாக ஒன்றை ஒளித்துக் கொண்டுவருவாள். பிடுங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். "இது இருந்தா மண்டை எதுக்கு? அதையும் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்திருக்கலாம்லா?" என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். அந்தப் பெண் அழுவாள். அழட்டும், அப்போதாவது வாய்ப்பாடு ஏறும் என்று நினைத்தேன்.

என் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. பாடம் நடத்தும்போது நான் வேண்டுமென்றே எங்காவது ஒரு தப்பை எழுதி வைப்பேன். அதை முதலில் கண்டுபிடித்து "தப்பு மிஸ்!" என்று கத்துகிறவளுக்கு ஒரு முழு சாக்பீஸ் பரிசு. சாக்பீஸில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. அதைப் பேனா டப்பாவில் வைத்து வருஷக் கடைசி வரைக்கும் காப்பாற்றுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நான் பலகைப் பக்கம் திரும்பினாலே நாற்பது ஜோடிக் கண்கள் என் கையை மேயும். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து, "உங்க வகுப்புல மட்டும் ஏன் மிஸ் இந்தச் சத்தம்?" என்று கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன பிப்ரவரியில் திருப்புதல் தேர்வுத் தாள்களை ஸ்டாஃப் ரூமில் வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது என் பேனா நின்றது. எட்டு என்று இருந்தது. அதற்குக் கீழே ஏழு என்று இருந்தது. இரண்டும் என்ன என்று தெரிகிறது. சேர்த்தால் என்ன என்றுதான் வரவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்து முகம் கழுவிவிட்டு வந்தேன். அப்போதும் வரவில்லை. வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

திருநெல்வேலியில் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, மூளையில் இடது பக்கம் சின்னதாக ஓர் அடைப்பு என்றார். பேச்சு போகவில்லை, கால் போகவில்லை, அதிர்ஷ்டம் என்றார். பிறகு, "நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சிட்டே வாங்கம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்கு டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது? "நூறு" என்று ஆரம்பித்தேன். அதோடு சரி. வீட்டுக்காரர் என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தொண்ணூறு சில்லற" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார், பாவம்.

விசித்திரம் என்னவென்றால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. பிதாகரஸ் தேற்றத்தை நிரூபிக்கச் சொன்னால் நிரூபிப்பேன். இருபடிச் சமன்பாட்டின் வளைகோடு எந்தப் பக்கம் திறக்கும், ஏன் திறக்கும் என்று சொல்வேன். ஏழையும் ஐந்தையும் பெருக்கச் சொன்னால் முழிப்பேன். ஒவ்வொன்றுக்கும் மூளையில் வேறு வேறு இடம், போனது வாய்ப்பாடு இருந்த இடம் என்று டாக்டர் விளக்கினார். மாடி பத்திரமாக இருக்கிறது, படிக்கட்டைத்தான் காணோம் என்று நான் புரிந்துகொண்டேன்.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. "ஜூலை வரைக்கும் லீவுல இருங்க மிஸ். அப்புறம் ஒரு பீரியட் எடுத்துப் பாருங்க. முடிஞ்சா உங்க பத்தாம் வகுப்பு உங்களுக்குத்தான்" என்றார். எனக்கு அந்த ஒரு பீரியட்தான் உலகம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீட்டில், வகுப்பும் இல்லையென்றால் நான் யார்?

முதலில் ஃபோனில் இருக்கிற கால்குலேட்டரை வைத்துப் பழகினேன். மரத்த விரல் திரையில் ஒரு தடவை பட்டால் இரண்டு எண் விழும். கடையில் விற்கிற சாதாரணக் கால்குலேட்டரில் கடைசியாக அழுத்திய எண் மட்டும்தான் தெரிந்தது. கூட்டல் குறியை அழுத்துவதற்குள் முந்தைய எண் என்ன என்பது எனக்கு மறந்துவிடும். வீடியோ காலில் இதைச் சொல்லி அழுதபோதுதான் தங்கை, "அக்கா, பிள்ளையோட பழைய கால்குலேட்டர் சும்மாதான் கெடக்கு. அதுல நீ அடிச்சது எல்லாம் வரி வரியா நிக்கும்" என்றாள். தெரிந்தவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கொடுத்து அனுப்பினாள்.

அவள் சொன்னது சரிதான். எட்டு, கூட்டல் குறி, ஏழு என்று மூன்றும் திரையில் அப்படியே நின்றன. பொத்தான்கள் மேடாக இருந்ததால் விரலுக்குத் தட்டுப்பட்டன. ஆனால் சமக்குறியைத் தேடினேன், இல்லை. ஐம்பதுக்கு மேல் பொத்தான் வைத்தவன் ஒரு சமக்குறி வைக்கவில்லை. 'என்டர்' என்பதைத்தான் அழுத்த வேண்டுமாம். கழித்தலுக்கு இரண்டு பொத்தான். ஒன்று கழிக்க, இன்னொன்று குறை எண் போட. மாற்றி அழுத்தினால் பிழை என்று திரை முழுக்க எழுதிக் காட்டும். நானும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவள்தான். இப்போது ஒரு பெட்டி என்னை ஏற்றி நிறுத்தியது.

ஒன்றை இரண்டால் வகுத்தால் அது வெறும் புள்ளி ஐந்து என்று காட்டியது, முன்னால் பூஜ்ஜியம் இல்லாமல். பூஜ்ஜியம் போடாததற்கு நான் அரை மதிப்பெண் குறைப்பேன். யாரிடம் போய்க் குறைப்பது?

தசமம்தான் என்னைக் கொன்றது. பத்தை மூன்றால் வகுத்தேன். மூன்று, புள்ளி, பிறகு மூன்று மூன்றாகத் திரையின் ஓரம் வரைக்கும். அந்த வரிசையைப் பார்த்ததும் எந்த மூன்றில் நிற்கிறேன் என்று தெரியாமல் கண் இருட்டியது. முடிவுறாத தசமம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பத்து விதமாக விளக்குவேன். ஆனால் அந்த எண்களை என்னால் தாங்க முடியவில்லை. கருவியைக் கட்டிலில் வீசிவிட்டு அழுதேன். லாட்ஜிலிருந்து சாப்பிட வந்த வீட்டுக்காரர் அதை எடுத்துத் திரையைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய வாலு எதுக்குட்டி இதுக்கு?" என்றார். அணைத்து மேஜை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மே மாதம் முழுக்கப் பழகினேன். காலையில் ஐம்பது கணக்கு, சாயங்காலம் ஐம்பது கணக்கு. ஜூனில் சாரல் ஆரம்பித்தது. குற்றாலத்தில் கூட்டம் குவிந்தது. லாட்ஜில் அவருக்கு உட்கார நேரமில்லை. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருந்தேன். மனதில் ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆனால் விரலுக்கு வேகம் வந்தது. ஒரு கணக்கை யாரும் கவனிப்பதற்குள் முடிக்கிற வேகம். அது போதும் என்று நினைத்தேன்.

அந்த நாள் வந்தது. வீட்டுக்காரர் சீசன் நேரத்தில் அரை நாள் லீவு போட்டு ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். "காலைல பேட்டரியெல்லாம் புதுசு போட்டு வச்சிருக்கேன். பயப்படாதட்டி" என்றார். கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடையைக் காட்டி, "நான் இங்கனயேதான் இருப்பேன்" என்றார்.

பாடம், நேர் மாறுபாடு. ஒன்று கூடினால் அதே விகிதத்தில் இன்னொன்றும் கூடும். அதன் வரைபடம் ஆதிப்புள்ளி வழியாகப் போகிற நேர்க்கோடு. எனக்கு மிகவும் பிடித்த பாடம். கால்குலேட்டரை மேஜை டிராயருக்குள் வைத்து டிராயரைப் பாதி திறந்து வைத்தேன், பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளை மாதிரி. தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் நான் எடுத்த அதே பிள்ளைகள்தான் முன்னால் இருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் கைதட்டினார்கள்.

முதல் இருபது நிமிஷம் நான் பழைய டீச்சர்தான். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விகிதம், மாறிலி, கோட்டின் சாய்வு எல்லாம் தடையில்லாமல் வந்தன. பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன், ஒருத்தியைக் கிண்டல் செய்தேன். இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில், வழக்கமாகச் செய்வதுபோல, "மாறிலிக்கு ஒரு எண் சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"பாயிண்ட் செவன் மிஸ்" என்றாள் முதல் பெஞ்சில் ஒருத்தி.

பலகையில் பூஜ்ஜியம் புள்ளி ஏழு என்று எழுதினேன், பூஜ்ஜியத்தோடு. எக்ஸுக்கு இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று அட்டவணை போட்டேன். மேஜைப் பக்கம் வந்து குறிப்பைப் பார்ப்பதுபோல் குனிந்து டிராயருக்குள் விரலை ஓட்டினேன். புள்ளி ஏழு பெருக்கல் இரண்டு. ஒன்று என்று வந்தது. எழுதினேன். நான்குக்கு மூன்று. ஆறுக்கு நான்கு. எட்டுக்கு ஆறு. நான்கு விடைகளும் வால் இல்லாமல், சுத்தமாக, ஒற்றை எண்ணாக வந்தன. கடவுள் இன்றைக்கு என் பக்கம் என்று நினைத்தேன்.

வகுப்பு அமைதியாக இருந்தது. கவனமாக எழுதுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு கட்டம் போட்ட பலகையில் புள்ளிகளை வைத்தேன். ஸ்கேலை வைத்தேன். ஆதிப்புள்ளியையும் முதல் புள்ளியையும் சேர்த்தால் இரண்டாவது புள்ளி மேலே நின்றது. ஸ்கேலைத் திருப்பினால் மூன்றாவது விலகியது. மரத்த கைதானே, புள்ளி தவறிவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் கோடு நொண்டியது. நேர் மாறுபாடு நேர்க்கோடாகத்தான் இருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். என்னிடம் மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான். அப்படியானால் எண்களில் ஏதோ தப்பு. எந்த எண், என்ன தப்பு? நாலையும் உற்று உற்றுப் பார்த்தேன். எனக்கு நாலும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன.

திரும்பி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். முதல் பெஞ்சுப் பெண்ணின் நோட்டில் 1.4, 2.8, 4.2, 5.6 என்று இருந்தது. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு நேர்க்கோடு. அடுத்தவள் நோட்டிலும் அதே எண்கள், அதே கோடு. அதற்கு அடுத்த பெஞ்சிலும் அதேதான். பலகையில் இருந்ததை ஒருத்திகூட எழுதவில்லை. எல்லோரும் தாங்களாகவே சரியாகப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தியும் கத்தவில்லை.

"ஏன்ட்டி யாரும் கத்தல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

முதல் பெஞ்சுப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்ல மிஸ்" என்றாள்.

தப்பைப் பார்த்துப் பரவாயில்லை என்று சொல்கிற பிள்ளையை நான் உருவாக்கவில்லை. அவள் கெட்டிக்காரி. அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மணி அடித்ததும் டிராயரைச் சாத்தினேன். பரிசு கொடுப்பதற்காக வீட்டிலிருந்தே கைப்பையில் போட்டுக்கொண்டு வந்த முழு சாக்பீஸ் அப்படியே இருந்தது. தலைமையாசிரியை என் தோளைத் தொட்டு, "லைப்ரரிக்கு ஆள் வேணும் மிஸ், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அவரும் அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே தூறல். வீட்டுக்காரர் டீக்கடைத் தாழ்வாரத்திலிருந்து ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் வாய் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"பாத்தியா? வாலு ஒண்ணும் வரலல்லா?"

எனக்குப் புரியவில்லை.

"காலைல நீ குளிச்சிட்டிருக்கும்போது நாந்தான் மாத்தி வச்சேன். யூடியூபுல பாத்தேன். மோடுன்னு ஒரு பட்டன் இருக்கு, உள்ள போயி புள்ளிக்குப் பின்னால எத்தனை நம்பர் வேணும்னு சொல்லிரலாம். ஒண்ணும் வேண்டாம்னு வச்சிட்டேன். எல்லாம் முழுசு முழுசா வருமாம். அந்த வாலப் பாத்துதானட்டி நீ அன்னைக்கு அழுதே?"

சீசன் நேரத்தில், ரூம் கேட்டு ஆள் காத்திருக்கும்போது, கணக்கு என்றாலே ஓடுகிற மனிதர் ஒரு மூலையில் உட்கார்ந்து எனக்காக இதைக் கற்றிருக்கிறார். சில்லறையை விட்டுத் தள்ளு என்று என்னிடம் காலமெல்லாம் சொல்லிப் பார்த்து, நான் கேட்காததால், கடைசியில் அந்தக் கருவியிடம் சொல்லியிருக்கிறார். அது கேட்டுக்கொண்டது. பழைய நானாக இருந்தால் அந்தத் தெருவையே இரண்டாக்கியிருப்பேன். ஆனால் பழைய நானாக இருந்தால், புள்ளி ஏழை இரண்டால் பெருக்கி ஒன்று என்று காட்டுகிற கருவியைத் தூக்கி எறிந்திருப்பேனே. அவர் மாற்றி வைத்தது குற்றமில்லை. ஒன்று என்று காட்டியபோது அது தப்பு என்று எனக்குத் தெரியாமல் போனதுதான் விஷயம். கால்குலேட்டரும் கணக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் என்று பிள்ளைகளிடம் நான் சொன்னதே இல்லை. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வரல. நல்லா இருந்திச்சு" என்றேன்.

"பெறகென்ன!" என்று ஸ்கூட்டரை உதைத்தார். மேலகரம் வரைக்கும் அவர் பேசிக்கொண்டே வந்தார். முதுகுக்குப் பின்னால் நான் அழுதது அவருக்குத் தெரியவில்லை, மழை நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்து அந்தச் சமன்பாட்டைக் கருவிக்குள் போட்டு வரைபடப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். ஆதிப்புள்ளி வழியாக ஒரு நேர்க்கோடு, ஒரு குறையும் இல்லாமல் ஏறிப் போயிற்று. அதற்குக் கோடு தெரியும், எண்ணும் தெரியும். எனக்குக் கோடு மட்டும்தான். அணைத்து வைத்தேன். மோடு பொத்தானுக்குள் நான் போகவில்லை. அது இன்றைக்கும் அவர் வைத்தபடியேதான் இருக்கிறது. தினமும் சாயங்காலம் கொண்டுவந்து மடியில் வைத்து, "ரெண்டு கணக்கு போடு ஏட்டி" என்கிறார். போடுகிறேன். முழுசு முழுசாக வருகிறது. அவருக்குச் சந்தோஷம்.

நூலகத்துக்குப் போக மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் புத்தகம் எடுக்க வந்து என்னைப் பார்த்துப் பரவாயில்லை என்பதுபோலச் சிரிப்பார்கள். ஆகஸ்டில் ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இந்தப் பள்ளியில் இத்தனை ஆண்டுகள் பணியாற்றினேன் என்ற இடத்தில் பேனா நின்றது. சேர்ந்த வருஷம் தெரியும். இந்த வருஷமும் தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்க வேண்டும். கருவி பக்கத்திலேயே இருந்தது. புள்ளி இல்லாத கழித்தல், சரியாகத்தான் சொல்லியிருக்கும். நான் அதைத் தொடவில்லை.

"நான் எத்தனை வருஷம் வேலை பாத்தேன்?" என்று அவரிடம் கேட்டேன்.

லாட்ஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஒரு முப்பது வருசம்னு போடு" என்றார். சொல்லிவிட்டு, பழக்கதோஷம், நான் திருத்துவேன் என்று ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முப்பது என்று எழுதினேன். கடிதம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. தப்பு என்று இதுவரை யாரும் கத்தவில்லை.